பவுலினா இருந்தால், சுஜீவா இல்லாவிட்டால்

முதல் கட்டத்துக்குள் யேசுரத்தினம் தன் மனைவியின் பெயரை ஒற்றை விரலால், ஒவ்வோர் எழுத்தாகத் தட்டினார். பக்கத்தில் பழைய தொழிற்சாலைக் குறிப்பேடு ஒன்று திறந்து கிடந்தது. மகன் றொமேஷ் டோஹாவிலிருந்து தொலைபேசியில் சொன்னதையெல்லாம் அவர் அதில் எண் போட்டு எழுதி வைத்திருந்தார். பெயர் இருந்தால், இந்தப் பெட்டிக்குப் போ. இன்ன பெயரும் இருந்தால், போகாதே. அவ்வளவுதான் விஷயம் என்று றொமேஷ் சொல்லியிருந்தான். விதியை ஒரு தடவை போட்டுவிட்டால் கம்பியூட்டர் விழித்திருக்கும் நேரமெல்லாம் அது காவல் இருக்கும். ஒரு படத்தின் பெயரில் ஓர் எழுத்தை மாற்றினாலும் உடனே பார்த்து, எங்கே போக வேண்டுமோ அங்கே தானாகக் கொண்டு போய்ப் போட்டுவிடும்.

இது அவருக்குப் புரியாத சமாச்சாரமல்ல. பசறைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்துத் தொழிற்சாலையில் முப்பத்தெட்டு வருடம் வேலை செய்து, டீமேக்கராக ஓய்வு பெற்று, பதுளைக்கு வந்து குடியேறியவர். சலிக்கும் அறையில் ஒன்றன் கீழ் ஒன்றாகச் சல்லடைகள் ஆடிக்கொண்டிருக்கும். கண்ணின் அளவு எதுவோ அதற்கேற்ற தூள் விழும். சல்லடைக்கு ஆள் தெரியாது, தயவு தெரியாது. காலையில் தப்பான வலையை மாட்டிவிட்டு மாலையில் தூளைத் திட்டிய புதுப் பையன்களை அவர் நிறையப் பார்த்திருக்கிறார்.

2006 டிசம்பரில் விடுமுறைக்கு வந்த றொமேஷ்தான் இந்தக் கம்பியூட்டரைக் கொழும்பிலிருந்து ரயிலில் கொண்டு வந்தான். இருந்த மூன்று வாரமும் முன்கூடத்து மேசையை விட்டு எழும்பாமல் வீட்டு அல்பங்களையெல்லாம் ஒவ்வொன்றாகப் பிரித்துப் படங்களை உள்ளே ஏற்றினான். கோயில் பாட்டுக் கசெட்டுகள், தான் சிறுவயதில் புதுநன்மை வாங்கிய சடங்கின் வீடியோ, அவர் வானொலியிலிருந்து பதிவு செய்த நாடகங்கள் என்று ஒன்றையும் விடவில்லை. படங்கள் மட்டும் ஆயிரத்து முந்நூற்று நாற்பத்தாறு. ஒவ்வொன்றுக்கும் வருடம், ஊர், அதில் இருக்கிறவர்களின் பெயர் என்ற வரிசையில் பெயர் வைத்திருந்தான். யேசுரத்தினம் அந்த மூன்று வாரமும் பதுளைக் கோயிலில் பாலன் குடில் கட்டும் வேலையில் நின்றார். சாப்பிட மட்டும் வீட்டுக்கு வந்து போனார்.

ஆறு மாதம் கழித்து, ஜூலையில், பவுலினா குளியலறை வாசலில் விழுந்தாள். இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் கண் திறக்காமல் கிடந்து போனாள்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை ஆண்டு நினைவுப் பூசை. பூசை முடிந்து வீட்டுக்கு வருகிறவர்களுக்குச் சாப்பாடு. சாப்பிடும் நேரம் டீவியில் பவுலினாவின் படங்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஓட வேண்டும் என்பது றொமேஷின் யோசனை. அவனுக்கு இந்த முறை லீவு இல்லை. "நீங்களே செய்யலாம்பா, நாலு ரூலுதான்" என்றான். அவர் முதலில் பாட்டுகளில் ஆரம்பித்தார். கோயில் பாட்டு ஒரு பெட்டி, நாடகம் ஒரு பெட்டி. இரண்டு தரம் ஏறியிருந்தவை தாமாகவே கழிந்து விழுந்தன. ஒரு வாரமாக இதே வேலை. காலை எட்டு மணிக்கு உட்கார்ந்தால் பன்னிரண்டு மணி வந்து நிற்பது தெரியாது. நேரம் போவதைத் தவிர அவருக்கு வேறொன்றும் தேவைப்படவில்லை. பல் பிடுங்க ஊசி போட்ட கன்னத்தைத் தொட்டால் இருப்பது தெரியும், தன்னுடையது என்று தெரியாது. ஒரு வருடமாக அவர் முழு உடம்பும் அப்படித்தான் இருந்தது. தேத்தண்ணீரை ஒரு மிடறு வாயில் வைத்து எந்த மலைக் கொழுந்து என்று சொன்ன மனிதருக்கு இப்போது சூடு மட்டும்தான் தெரிந்தது.

"கரண்டுப் பொட்டிக்கு முன்னால ஒக்காந்துட்டா சோறு தண்ணி தேவல்லயாக்கும்" என்று இராக்கம்மா பின்னாலிருந்து சொன்னாள். தோட்டத்தில் கொழுந்தெடுத்து ஓய்ந்தவள். இப்போது மகன் வீட்டோடு பதுளையில் இருந்துகொண்டு, காலையில் வந்து இவருக்குச் சமைத்து வைத்துவிட்டுப் போகிறாள். "பவுலினாக்கா இருந்தா இந்நேரம் அந்த வயரப் புடுங்கித் தாவாரத்துல போட்டிருக்கும்."

"வச்சிட்டுப் போ இராக்கம்மா."

"வச்சிட்டுப் போனா நீங்க திங்கமாட்டீங்க ஐயா. நேத்துச் சோத்தக் கோழிக்குத்தான் போட்டேன். கோழிக்கு நல்லாத்தான் சத வச்சிருக்கு."

அவர் சிரிக்கவில்லை. அவளும் சிரிப்பை எதிர்பார்த்துச் சொல்லவில்லை. தட்டை விசைப்பலகைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு அடுப்படிக்குள் போனாள்.

பவுலினா இருந்தால் என்ற விதிக்கு நானூற்றுப் பன்னிரண்டு படங்கள் என்று காட்டியது. இரண்டாவது கட்டத்தில் அவர் சுஜீவாவின் பெயரை எழுத வேண்டியிருந்தது. விரல் அந்த முதல் எழுத்தின் மேல் கொஞ்சம் நின்றது. அந்தப் பெயரை அவர் எழுதி ஒன்பது வருடம் ஆகியிருந்தது.

மூத்தவள் சுஜீவா. 1999இல், இருபத்திரண்டு வயதில், பசறை பஜாரில் ஸ்டூடியோ வைத்திருந்த புவாத்தைக் கட்டிக்கொண்டு போனாள். அவன் மார்க்கத்துக்கு மாறித்தான் கலியாணம். புவாத் மோசமான பையன் என்று ஒருவரும் சொல்லவில்லை. யேசுரத்தினத்துக்கும் பவுலினாவுக்கும் இருபதாவது கலியாண நாள் வந்தபோது அவன்தான் வந்து படம் எடுத்தான், காசு வாங்கமாட்டேன் என்று மல்லுக்கு நின்றான். யேசுரத்தினம் அப்போது தோட்டத்துக் கோயிலின் பொறுப்பாளர். ஞாயிற்றுக்கிழமைகளில் பூசை வைக்கும் சாமிக்குப் பக்கத்தில் நின்று வாசகம் வாசிக்கிறவர். அவள் போன அடுத்த ஞாயிறு வாசிக்க எழும்பியபோது பின்வரிசையில் யாரோ இருமினார்கள். வெறும் இருமலாகவும் இருந்திருக்கலாம். அன்று மத்தியானம் அவர் பவுலினாவிடம் சொன்னது ஒரே ஒரு வாக்கியம்: இந்த வீட்டில் இனி அவள் பெயரை எடுக்கக் கூடாது. பவுலினா ஏன் என்று கேட்கவில்லை, அழவில்லை, சண்டைக்கு வரவில்லை. சாகும்வரைக்கும் அந்தப் பெயரை அவர் காதுபட அவள் சொன்னதில்லை. அதை அவர் சம்மதம் என்றே எடுத்துக்கொண்டார்.

புவாத் பிறகு ஸ்டூடியோவைப் பெரகலைச் சந்திக்கு மாற்றிக்கொண்டு போனான். ஒரு பெண் குழந்தை இருப்பதாகக் கேள்வி. இரண்டு வாரமாக றொமேஷ் தொலைபேசியில் எல்லாம் பேசி முடித்த பிறகு, வைக்கப் போகிற நேரத்தில், ஒன்றைக் கேட்டுக்கொண்டிருந்தான்.

"அப்பா, அக்காவப் பூசைக்கு வரச் சொல்லட்டுமா? வீட்டுக்கு வேணாம்னா கோயிலுக்கு மட்டுமாவது."

"பாப்போம்."

"ஞாயித்துக்கெழம வந்துரும்பா."

"பாப்போம்னு சொன்னேன்ல."

மறுத்திருந்தால்கூட றொமேஷ் நேரே சண்டை பிடித்திருப்பான். இந்தப் பாப்போமை வைத்துக்கொண்டு அவனால் ஒன்றும் செய்ய முடியவில்லை. யேசுரத்தினத்துக்கும் உள்ளே முடிவென்று ஒன்று இருக்கவில்லை. ஆனால் டீவியில் ஓடுகிற படத்தில் அவள் முகம் வரக்கூடாது என்பதில் மட்டும் தெளிவாக இருந்தார். வருகிறவர்கள் கோயில் பங்கு ஆட்கள், பழைய தோட்டத்து ஆட்கள். அவள் முகம் வந்தால் ஒருவரையொருவர் பார்ப்பார்கள். இறைச்சிக் கறியைப் பிசைந்தபடி யாராவது மெதுவாகக் கேட்டுவிடுவார்கள். அதனால் சுஜீவா இருந்தால், எடுக்காதே. எழுதி முடித்து அமுக்கினார்.

நானூற்றுப் பன்னிரண்டு, பத்தொன்பது ஆனது.

எங்கோ தப்புச் செய்துவிட்டோம் என்று விதியை அழித்துத் திரும்ப எழுதினார். பத்தொன்பது. எழுத்துப் பிழையோ என்று ஒவ்வோர் எழுத்தாகச் சரிபார்த்தார். பத்தொன்பது. பிறகு அந்தப் பத்தொன்பதையும் திறந்து பார்த்தார். ஐந்து படங்கள் உண்மையில் ஒரே படம். அவளுடைய அடையாள அட்டைப் படத்தை நினைவு அட்டை அடிப்பதற்காகப் பெருப்பித்து, நீலப் பின்னணியில் ஒன்று, பூ வேலையோடு ஒன்று, கறுப்பு வெள்ளையில் ஒன்று என்று றொமேஷ் செய்து வைத்தவை. மற்றப் பதினான்கும் சாவுக்கு வந்திருந்த றொமேஷ் பிறகு ஏற்றிய சாவு வீட்டுப் படங்கள். பத்தொன்பதில் பதினான்கில் பவுலினா கண்ணை மூடியிருந்தாள், இல்லாவிட்டால் மூடின பெட்டிக்குள் இருந்தாள். கண் திறந்திருந்த ஐந்திலும், அடையாள அட்டைக்கு முன்னால் உட்கார வைக்கப்பட்ட எல்லோரையும் போல, எதையோ மறைக்கிறவள் மாதிரிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

விதி விலக்கிய முந்நூற்றுத் தொண்ணூற்று மூன்றையும் அன்று பின்னேரம் பார்க்கத் தொடங்கினார். முதலில் எல்லாம் நியாயமாகவே இருந்தது. தொழிற்சாலை வாசலில் பவுலினா, இடுப்பில் சுஜீவா. பாடசாலைப் பரிசளிப்பில் பவுலினா, பக்கத்தில் சுஜீவா. றொமேஷ் எட்டு வயதிலேயே பண்டாரவளை விடுதிக்குப் போய்விட்டான். வீட்டில் இருந்தது அவள்தான். அம்மாவின் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு, அம்மாவை விட உயர்ந்து, அம்மாவின் தோளில் கையைப் போட்டுக்கொண்டு. ஒரு படத்தில் அவளை ஓரமாக வெட்டிப் பார்த்தார். பவுலினாவின் தோளில் நான்கு விரல்கள் மிஞ்சின. விரல்களையும் வெட்டினால் பவுலினாவின் ஒரு காது போனது. அப்படியே விட்டுவிட்டார்.

பிறகுதான் 1975 வந்தது. அவர்களுடைய கலியாணப் படம். அவர், பவுலினா, கதிரை, காகிதப் பூச்சாடி. வேறு ஒருவரும் இல்லை. அதன் பெயரில் வருடம், பசறை, யேசுரத்தினம், பவுலினா, சுஜீவா என்று இருந்தது. சுஜீவா பிறந்தது 1977இல். பிள்ளை அவசரத்தில் தட்டிவிட்டான் என்று நினைத்தார். 2003, தொழிற்சாலையில் அவருக்குப் பிரியாவிடை. மாலையோடு அவர், பின்னால் பவுலினா. அதிலும் சுஜீவா. அவள் போய் அப்போது நான்கு வருடம். 2005, மடு மாதா கோயிலுக்குப் போன பஸ்ஸின் முன்னால் பங்குப் பெண்கள் இருபது பேர். மற்றப் பத்தொன்பது பேரின் பெயரும் இல்லை. பவுலினா, சுஜீவா.

அவர் திரையை அணைத்துவிட்டு முற்றத்துக்குப் போய்க் கொஞ்ச நேரம் நின்றார். பக்கத்து வீட்டில் யாரோ மிளகாய் வறுத்தார்கள். இருமல் வந்தது. அது ஒன்றுதான் வந்தது.

வெள்ளிக்கிழமை றொமேஷுக்கு ஓய்வு நாள். பத்து மணிக்கே எடுத்தான்.

"எத்தன வந்துச்சுப்பா?"

"பத்தொம்பது."

"பத்தொம்பதா? நானூறுக்கு மேல இருக்கணுமே." அவன் கொஞ்சம் யோசித்தான். "அப்பா, ரெண்டாவது கட்டத்துல என்னா போட்டீங்க?"

தொலைபேசியில் டோஹாவின் ஏதோ ஒரு குளிரூட்டி இரைந்துகொண்டிருந்தது.

"வெளங்குது" என்றான் றொமேஷ். "அப்ப மிஞ்சினது நான் செஞ்ச அடையாள அட்டப் படமும் சவப்பொட்டியும். நல்லாருக்கும்பா. சாப்பிட வந்தவங்க அம்மா வோட்டுப் போட வந்திருக்குன்னு நெனைப்பாங்க."

"நீ பேர் வச்ச லெச்சணம் அது. கலியாணப் படத்துல அவ எங்கடா இருந்தா? மடு பஸ்ல எங்க இருந்தா?"

"நான் எங்க வச்சேன்? தட்டினது மட்டுந்தான் நானு. அம்மாதான் பக்கத்துல முக்காலியப் போட்டு ஒக்காந்து பேரு சொல்லுச்சு. மூணு வாரமும்."

"அவளா?"

"ஒரு கோயில் படத்துக்கு வந்தப்ப, பவுலினான்னு தட்டிட்டு அடுத்ததுக்குப் போனேன். 'அதையும் எழுது'ன்னுச்சு. எதைம்மான்னு கேட்டேன். விரல நீட்டி, முந்தின படத்துல இருந்த அக்கா பேரத் தொட்டுக் காட்டுச்சு. இதுல அக்கா இல்லயேம்மான்னேன். 'நீ எழுது'ன்னுச்சு. அதுக்குப் பொறகு நான் கேக்கல. அம்மா எங்கெல்லாம் இருக்கோ அங்கெல்லாம் எழுதினேன். நீங்க போட்ட உத்தரவ அது மீறலப்பா. பேர வாயால சொல்லவே இல்ல."

யேசுரத்தினம் தொலைபேசியை மற்றக் காதுக்கு மாற்றினார்.

"அந்த ரெண்டாவது கட்டத்த அழிச்சிருங்க. ஒரு நிமிசம் போகாது. நானூத்திப் பன்னெண்டும் வந்துரும்." பிறகு, தாழ்ந்த குரலில்: "அக்காவுக்கு நான் என்னா சொல்லட்டும்? காலைலயும் கேட்டுச்சு. வர்றதுன்னா சனிக்கெழமையே வெளிக்கிடணும், புள்ளயையும் கொண்டு."

"பாப்போம்" என்று சொல்ல வாயெடுத்தார். அந்தச் சொல் வரவில்லை. றொமேஷ் இரண்டு தடவை அப்பா, அப்பா என்று கூப்பிட்டான். "லைன் போயிருச்சு போல" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு வைத்துவிட்டான். லைன் போகவில்லை.

அவர் திரும்ப வந்து கம்பியூட்டரின் முன்னால் உட்கார்ந்தார். இரண்டாவது கட்டத்தை அழிப்பதற்காகத்தான் உட்கார்ந்தார். ஆனால் பத்தொன்பது படங்களும் சின்னச் சின்னச் சதுரங்களாகத் திரையில் திறந்தபடியே இருந்தன. அவர் அதில் ஒன்றைப் பெரிதாக்கினார். ஊர்வலம் வீட்டை விட்டு இறங்குகிற நேரம். முன்னால் சிலுவை, பின்னால் பெட்டி, பெட்டியின் இடது பக்கத்தில் அவரே, வெள்ளைச் சட்டையோடு. அந்த நாளில் தான் அங்கே நடந்ததாக அவருக்கு ஞாபகமில்லை. படம் சொல்லித்தான் தெரிந்தது.

இராக்கம்மா சோற்றுத் தட்டோடு வந்தாள். தட்டை வைக்காமல் அப்படியே குனிந்து பார்த்தாள்.

"அட, இதுல சுஜீப் புள்ளயும் விழுந்திருக்கே."

"எங்க?"

"இந்தா, ரோட்டுக்கு அந்தப் பக்கம். பூட்டின கட வாசல்ல. கறுப்பு முக்காடு. கையில புடிச்சிருக்கறது மக மர்லியா." கறி பட்ட விரல் திரையைத் தொடாமல் ஓர் அங்குலம் தள்ளி நின்றது. "ஐயாவுக்குத் தெரியாதா? பெட்டி எறங்கி வளைவு திரும்புற வரைக்கும் நின்னுச்சுங்க. நான் போயி, உள்ள வந்து மொகத்தப் பாத்துட்டுப் போ புள்ளன்னு கையப் புடிச்சு இழுத்தேன். அப்பா கூப்புடலயே அத்தைன்னுச்சு."

பெரிதாக்க, பெரிதாக்க முகம் கட்டம் கட்டமாக உடைந்தது. கொஞ்சம் சின்னதாக்கினால் திரும்ப ஒன்று சேர்ந்தது. குழந்தைக்கு ஆறு வயது இருக்கும். காலுறை போட்டிருந்தது. எல்லோரும் பெட்டியைப் பார்க்க அது மட்டும் படமெடுக்கிறவனைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"மர்லியாவா?" என்றார்.

"ஆமாங்க. படிப்புல கெட்டி. வாய்தான் கொஞ்சம். எனக்கே என்னா பாட்டி, பல்ல எங்க வச்சிட்டு வந்தீங்கன்னு கேக்குது."

அவர் படத்தின் பெயரைத் திறந்தார். வருடம், பதுளை, பவுலினா. அதற்குப் பின்னால் கோடு போட்டு, ஒற்றை விரலால், சுஜீவா என்று தட்டினார். இன்னொரு கோடு போட்டு மர்லியா என்று தட்டினார். அந்தப் பெயரை ஆங்கிலத்தில் எப்படி எழுதுவார்கள் என்று தெரியாமல், வாயில் வந்தபடி. முடித்து அமுக்கினார். படம் திரையிலிருந்து விலகி, மற்ற முந்நூற்றுத் தொண்ணூற்று மூன்றோடு போய்ச் சேர்ந்தது. மேலே பதினெட்டு என்று இருந்தது.

"எங்க ஐயா போச்சு?"

"அது போற எடத்துக்குப் போயிருச்சு."

அடுத்த படத்தைத் திறந்தார். கல்லறைத் தோட்டம், சாமி தண்ணீர் தெளிக்கிறார். அதில் அவள் இல்லை. முழுப் படத்தையும் ஓரத்திலிருந்து ஓரம் வரை பார்த்தார், இல்லை. பெயரின் பின்னால் சுஜீவா என்று தட்டினார். பதினேழு. அடுத்தது முன்கூடம், மெழுகுதிரிகள், நாற்காலிகளில் பெண்கள். பதினாறு. இராக்கம்மா தட்டை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள். ஒவ்வொரு படமாகப் போக, திரையில் மிச்சமிருந்த சதுரங்கள் இடம் மாறி மேலே ஏறி வந்தன. அவருடைய விரல் இப்போது எழுத்துகளைத் தேடவில்லை. அந்த ஏழு ஆங்கில எழுத்தும் எங்கே இருக்கின்றன என்று அதற்குப் பழகிவிட்டது.

கடைசியில் அடையாள அட்டைப் படங்கள் ஐந்தும் ஒரே வரிசையில் நின்றன. பூ வேலையிட்டது போனது. கறுப்பு வெள்ளை போனது. நீலமும் அதற்கடுத்ததும் போயின.

"ஐயா, எல்லாத்தையும் அனுப்பிட்டா ஞாயித்துக்கெழம வர்றவங்களுக்கு என்னாத்தக் காட்டுறது?"

அவர் கடைசிப் படத்தின் பெயரில் கோடு போட்டுக்கொண்டிருந்தார். தட்டி முடித்ததும் பவுலினாவும் போனாள். திரை முழுக்க வெள்ளையாக இருந்தது. நடுவில் சின்ன எழுத்தில் ஒரு வரி: இந்த விதிக்குப் பொருந்துவது எதுவும் இல்லை. வெள்ளை வெளிச்சம் விசைப்பலகையிலும், அதன் மேல் அப்படியே நின்றுவிட்ட அவருடைய விரலிலும், இராக்கம்மா ஏந்தியிருந்த தட்டில் ஆறிக்கொண்டிருந்த சோற்றிலும் விழுந்துகொண்டிருந்தது.